சோற்றுப் பருக்கையின் மேல் ஒரு மஞ்சள் ஈ

நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் கைப்பேசிக்கு ஈக்கள் வருவது நிற்கவில்லை. காலையில் எடுத்துப் பார்த்தால் யாராவது ஒரு படம் அனுப்பியிருப்பார்கள். கொய்யாப் பழத்தின் மேல் ஒன்று, பாகல் பிஞ்சில் ஒன்று, சமையலறைச் சுவரில் ஒன்று. எல்லாமே சின்னது, எல்லாமே மஞ்சள், பாதிக்கு மேல் கலங்கல். கீழே ஒரே கேள்விதான் இருக்கும்: "மேடம், இது என்ன பூச்சி?"

வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம். சேலத்தில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, பூச்சியியல் அதிகாரியாக வெளியே வந்தேன். போன மாதம் நித்யா அழைத்தாள். என்னிடம் பயிற்சி எடுத்த பெண், இப்போது அங்கே அதிகாரி.

"மேடம், இப்ப ஒரு ஆப் வந்திருக்கு. போனைக் காட்டினா பேர் சொல்லிடுது. புதுசா வந்த பிள்ளைங்க மைக்ரோஸ்கோப் பக்கமே போக மாட்டேங்குதுங்க. நீங்க படத்தப் பாத்துப் பூச்சி கண்டுபிடிச்ச அனுபவத்த எழுதிக் குடுங்களேன். பயிற்சிக்கு வெச்சுக்கறோம்."

எழுதுகிறேன் என்றேன். அவள் எதிர்பார்ப்பது மட்டும் இதில் இருக்காது என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

முதலில் அவள் கேட்டதை எழுதிவிடுகிறேன்.

ஈயின் நிறத்தை நம்பக் கூடாது. டியூப் லைட் வெளிச்சத்தில் சாம்பல் ஈ மஞ்சளாகத் தெரியும். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஈ, எந்த ஈயாக இருந்தாலும், கொஞ்ச நேரம் வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும். அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படத்தில் ஈ மட்டும் இருந்தால் அளவு தெரியாது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். ஒரு நெல்மணி, தாள் மடிப்பு, பஸ் டிக்கெட்டில் அச்சான எழுத்து, எதுவானாலும் சரி. பிறகு கண். பிறகு இறக்கை. கடைசியாக, அது உட்கார்ந்திருக்கும் தோரணை. பழத்தைக் குத்தி முட்டையிடும் பழ ஈ இறக்கையை விரித்துச் சாய்த்து உட்காரும். அழுகலுக்கும் புளிப்புக்கும் வருகிற சிறிய ஈ இறக்கையை முதுகின் மேல் மடித்துக்கொள்ளும். கடைக்காரர்கள் இரண்டையுமே பழ ஈ என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒன்று நல்ல பழத்தைக் கெடுக்கும், இன்னொன்று கெட்ட பிறகுதான் வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் அடித்த மருந்தை எல்லாம் சேர்த்தால் ஒரு ஏரி நிரம்பும்.

படம் கலங்கலாக இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டும். ஈயைச் சிறு குப்பியில் பிடித்து, ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் மரத்துப்போய் அசையாமல் கிடக்கும். வெள்ளைத்தாளில் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக எடுக்க வேண்டும். கைப்பேசிக் கேமராவின் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துக் கவனமாகத் திருப்பிப் பிடித்தால் அதுவே ஒரு லென்ஸ். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஆத்தூர்ப் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் ஒரு பெண் செய்து காட்டியது.

இதோடு நித்யா கேட்டது முடிந்தது. இனி எழுதப்போவது சபாபதி சாரைப் பற்றி.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் அவர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை அதிகாரியாக வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கடைநிலை ஊழியரைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். நுண்ணோக்கியில் உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, தன் சொந்தத் துண்டில் துடைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைப்பார். பூச்சியைத் தூரிகையால் புரட்டும்போது அதற்கு வலித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்போல் இருக்கும். நாங்கள் யாராவது அவசரப்பட்டுப் பெயர் சொன்னால் கையை லேசாக உயர்த்துவார்.

"பேர் இருக்கட்டும்மா. என்ன பாத்தீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

கண்ணின் நிறம், உணர்கொம்பில் இருக்கும் மயிர் கிளைத்திருக்கிறதா இல்லையா, இறக்கையின் முன்விளிம்பு நரம்பில் வெட்டு உண்டா, இருந்தால் எத்தனை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, பெயரைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும். அவ்வளவு தெளிவாக ஆகியிருக்கும்.

அப்போது படங்கள் தபாலில் வரும். பிறகு மின்னஞ்சலில், பிறகு கைப்பேசியில். எப்படி வந்தாலும் அவர் பதில் ஒன்றுதான்: "மாதிரி அனுப்புக." பூச்சியையே அனுப்பு என்று அர்த்தம். "படம் சந்தேகம்தான் சொல்லும். பேர் சொல்லாது" என்பார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை ஜேடர்பாளையத்திலிருந்து வந்த ஒரு விவசாயி எனக்குக் காட்டினார். காவிரித் தண்ணீரில் அவரைப் பந்தல் போட்டிருந்தவர். கொடியைச் சுற்றி மஞ்சள் கோடு போட்ட ஈக்கள் பறந்தன. படம் எடுத்து மருந்துக்கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் பழ ஈ என்று சொல்லி ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடித்தார். ஈக்கள் செத்தன. அடுத்த வாரம் பந்தல் முழுவதும் சாறு உறிஞ்சும் அசுவினி அப்பிக்கொண்டு கொடி கருகிப்போனதும் எங்களிடம் வந்தார். செத்த ஈயை ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்தார். அசுவினியைத் தின்று பந்தலைக் காப்பாற்றிக்கொண்டிருந்த புழுவின் தாய் அது.

"அப்ப காப்பாத்த வந்ததையே கொன்னுபோட்டனுங்களா?" என்று கேட்டார்.

சபாபதி சார் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். அன்றைக்கு அவரைப்போல ஒரு அதிகாரி கிடையாது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பு இருந்ததாக இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

பிறகுதான் அந்த மனு வந்தது.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், மரவள்ளிக் காடுகளும் கோழிப் பண்ணைகளும் மாறி மாறி வரும் பகுதி. ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தை ஒட்டினாற்போல் பாவாயி என்கிற பெண்ணின் கோழிக்கொட்டாய். பண்ணை என்று சொன்னால் பெரிய வார்த்தையாகிவிடும். ஒற்றைக் கொட்டாய், முட்டைக்கோழிக் கூண்டுகள், அவ்வளவுதான். அவள் கணவர் போர்வெல் லாரியில் வடக்கே போய் வருடத்தில் பாதி நாள் கல்லையும் புழுதியையும் தின்று சேர்த்ததில் எழுந்த கொட்டாய் அது. சாலைக்கு அந்தப் பக்கம், உயரமான சுவருக்குள், ஜவ்வரிசி ஆலை. ஊர் வழக்கில் சேகோ பேக்டரி. ஊரில் பாதிப்பேருக்கு அங்கேதான் வேலை.

பள்ளிக்கூடத்தில் மதியச் சோற்றில் ஈ மொய்க்கிறது, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, கோழிக்கொட்டாயை மூடவேண்டும் என்று ஊர் சேர்ந்து மனு கொடுத்திருந்தது. மனுவோடு படங்கள். விசாரித்த அலுவலகம் படங்களை எங்களுக்கு அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது: இவை கோழிப்பண்ணையில் உற்பத்தியாகும் ஈக்களா?

படங்கள் என் மேஜைக்கு வந்தன. பெரும்பாலும் உதவாதவை. ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. ஒரு தட்டு, சாம்பார் சாதம், ஓரத்தில் ஒதுங்கிய ஒரு பருக்கையின் மேல் ஒரு ஈ. வீட்டு ஈயாக இருந்தால் பருக்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது பருக்கையில் பாதிகூட இல்லை. மஞ்சள் உடம்பு, வயிற்றில் கருப்பு வளையங்கள், குங்குமம் வைத்தாற்போல் சிவந்த கண், முதுகில் மடித்த இறக்கை. கோழி எருவில் வளரும் வேறொரு சிறிய ஈக்கும் வயிற்றருகில் மஞ்சள் உண்டு, ஆனால் அதுவும் இதைவிடப் பெரியது, உடம்பு சாம்பல். இது புளித்ததில் வளரும் ஈ. கோழி எருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புளித்தது என்றால் அந்த ஊரில் என்ன? மரவள்ளியை அரைத்து மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். ஈரத் திப்பியைக் குவித்துப் போட்டால் புளித்து நாறும். கிழங்கு சீசனில் சேகோ பேக்டரி இருக்கிற எந்தச் சாலையில் போனாலும் அந்த வாடை பஸ்ஸுக்குள் வரும்.

சபாபதி சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் படத்தை வாங்கி, லென்ஸ் வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"மாதிரி இருக்கா?"

"இல்ல சார். படம்தான்."

"அப்புறம்?"

"போயி எடுத்துட்டு வரேன் சார். ஒரு நாள் போதும்."

"அவங்க கேட்டது படத்தப் பத்திம்மா. களத்துக்குப் போகச் சொல்லலையே."

நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன்.

பாவாயி கொட்டாயைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்கலாம். யார் என்று சொன்னதும் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஏனுங்க மேடம், மூடறதுக்கு வந்திருக்கறீங்களா?"

"இல்லம்மா. ஈ புடிக்க வந்திருக்கேன்."

அவளுக்கு நான் கிண்டல் செய்கிறேனா என்று சந்தேகம். என் பையிலிருந்த குப்பிகளைக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது.

"அந்த மஞ்சக் கொசு எங்கூட்டுதே இல்லீங்க. எருவக் காயக் காய வாரிப்போடறேன், சுண்ணாம்பு தூவறேன். ஈ இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன், நாலு ஈ இருக்கத்தான் செய்யும். அது கருப்பு ஈங்க. பள்ளிக்கூடத்துல மொய்க்கறது வேற. சொன்னா ஆருங்க கேக்கறாங்க?"

அந்தச் சின்ன ஈக்கு ஊர்ப்பேச்சில் கொசு என்று பெயர். அவள் சொன்னது சரியாக இருந்தது. கூண்டுகளுக்கு அடியில் எரு உலர்ந்து உதிரியாகக் கிடந்தது. அதிலிருந்து ஒரு குப்பி எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துச் சமையலறை ஜன்னலில், கனிந்த வாழைப்பழத் துண்டைப் பாட்டிலில் போட்டுக் காகிதக் கூம்பு செருகி வைத்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாட்டிலுக்குள் மஞ்சளாக நிறைந்துவிட்டது.

ஆலைக்குள் போக அனுமதி கேட்டேன். மேனேஜர் வெளியே வந்து மரியாதையாக நாற்காலி போட்டார். "திப்பி மாட்டுத்தீவனங்க மேடம். மாடு திங்கறதுல எங்க ஈ வருது? உள்ள பாக்கறதுக்கு மொதலாளி ஊர்ல இல்லீங்க" என்றார். நான் எழுந்து, சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். சுவருக்கு அடியில் ஒரு சாக்கடை வெளியே வந்தது. அதன் வாயில் திப்பி சேறாகப் படிந்திருந்தது. குனிந்ததும் முகத்தில் மோதிக்கொண்டு எழும்பின, ஒரு மஞ்சள் புகைபோல. கரண்டியால் அந்தச் சேற்றை இன்னொரு குப்பியில் அள்ளினேன். புழுவும் கூட்டுப்புழுவும் கண்ணுக்கே தெரிந்தன.

இரண்டு குப்பிகளுக்கும் வாயில் துணி கட்டி ஆய்வுக்கூடத்தில் வளர்த்தேன். எருக் குப்பியிலிருந்து வீட்டு ஈக்கள் வந்தன. திப்பிக் குப்பியிலிருந்து சின்ன மஞ்சள் ஈக்கள், சிவந்த கண்ணோடு, துணியில் தலைகீழாகத் தொங்கின. பாட்டிலில் விழுந்தவையும் அவையே. தட்டில் இருந்த ஈயும், என் கண்ணுக்குத் தெரிந்தவரை, அதுவே.

சபாபதி சாரிடம் கொண்டுபோனேன். கை கழுவினார். துண்டில் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். ஆண் ஈ ஒன்றைப் பிரித்து, அதன் வால்நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எந்தப் பூச்சிக் குடும்பம் என்பதோடு நான் நின்றிருந்தேன். அவர் அதன் முழுப்பெயரையும் சொன்னார். ஒரு துளித் தயக்கம் இல்லை.

"நல்ல வேலைம்மா" என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஆனா இந்த ஈயும் அந்தப் படத்துல இருக்கிற ஈயும் ஒண்ணுதான்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். நீங்களும் பாத்தீங்க."

"நீங்க லீவுல போயிருக்கீங்க. மாதிரி எடுக்கும்போது கூட யாரும் இல்ல. முத்திரை இல்ல. நாளைக்கு ஒரு வக்கீல் கேட்டா நாம என்ன சொல்லுவோம்?"

"முறைப்படி போயி எடுக்கலாமே சார்?"

"கேக்காததுக்கு நாம பதில் சொல்லக் கூடாதும்மா."

அடுத்த நாள் எங்கள் அபிப்பிராயம் போயிற்று. தட்டச்சு செய்தது நானில்லை என்றாலும் அதன் வாசகம் எனக்கு மனப்பாடம். புகைப்படங்களின் அடிப்படையில் பூச்சியின் இனத்தை உறுதி செய்ய இயலாது. கோழிப்பண்ணைகளில் ஈக்கள் உற்பத்தியாவது பொதுவாக அறியப்பட்டதே. இரண்டே வரி. இரண்டிலும் ஒரு சொல் பொய் கிடையாது.

முதல் வரி அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதை நான் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன், பெருமையோடு. இரண்டாவது வரியை எதற்காகச் சேர்த்தார் என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். யாரும் அவருக்கு எதுவும் கொடுத்ததாக நான் நம்பவில்லை. அப்படிப்பட்டவர் இல்லை. ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி இருந்தது, ஆலை முதலாளியைப் பகைத்துக்கொண்டு வழக்கு வம்பு வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஒரு ஆலைக்கு எதிராக எழுதினால் நூறு கேள்வி வரும், ஒரு கொட்டாய்க்கு எதிராக எழுதினால் ஒரு கேள்வியும் வராது என்பது அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் காரணம் என்றால், அது காசு வாங்கியதைவிட மோசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விசாரணை நாளில் நான் குப்பிகளோடு போய் நின்றேன். ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். பாவாயி சுவரோரம் தனியாக நின்றாள். விசாரணை அதிகாரி நல்ல மனிதர்போல்தான் இருந்தார்.

"ஆபீஸ் சார்பா வந்திருக்கீங்களா மேடம்?"

"இல்ல சார். நானா வந்திருக்கேன்."

"அப்ப பொதுமக்கள்ல ஒருத்தரா பேசறீங்க. சரி, சொல்லுங்க."

சொன்னேன். பருக்கையின் அளவைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன், இரண்டு குப்பியையும் மேஜையில் வைத்து எதிலிருந்து எது வந்தது என்று காட்டினேன். பேசி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. அவர் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். அவரும் ஆலையில்தான் வேலை செய்தார்.

"எங்க கொழந்தைங்க சோத்துல ஈ உழுவுதுங்க மேடம். நீங்க கோழிக்காரிக்குப் பரிஞ்சுக்கிட்டு வாரீங்க."

"அந்த ஈ எங்கேருந்து வருதுன்னுதான் சொல்றேன். கொட்டாய மூடினா ஈ நிக்காது. உங்க பிள்ளைக்குத்தான் கஷ்டம்."

"அப்ப பேக்டரிய மூடச் சொல்றீங்களா? மூடிப்புட்டு நாங்க எங்கீங்க போறது?"

"மூடச் சொல்லல. திப்பிய உடனுக்குடனே காய வெச்சா, சாக்கடைய மூடினா, போதும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நான் சொன்னது புரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. கூட்டத்தில் பலருக்கும் முன்பே தெரிந்திருந்ததுதான். தினம் அந்தச் சுவருக்குள் போய் வருகிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்ததைச் சொல்ல முடியாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள். சொல்லக்கூடிய இடத்தில் இருந்தது நாங்கள்.

விசாரணை அதிகாரி எங்கள் ஆய்வுக்கூடத்தின் இரண்டு வரியை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "உங்க ஆபீஸே இப்படிச் சொல்லியிருக்கும்போது நான் என்ன மேடம் பண்ண முடியும்?" என்று கேட்டார். உண்மையாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்தவர்போல் இருந்தது அவர் பார்வை.

கொட்டாயை மூட உத்தரவானது. பாவாயி கோழிகளைக் கறிக்கு ஏற்றி அனுப்பினாள். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகள். லாரி கிளம்பிய பிறகும் காலிக் கூண்டுகளுக்கு நடுவில் அவள் கூட்டிக்கொண்டே இருந்தாள் என்று பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார்.

எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி விசாரணையில் ஆஜரானது, அலுவலக அபிப்பிராயத்துக்கு மாறாகப் பேசியது. விளக்கம் எழுதினேன். இனிப் படங்களை நான் பார்க்க வேண்டாம் என்று சபாபதி சார் மென்மையாகச் சொல்லி, விதை முளைப்புப் பிரிவுக்கு மாற்றினார். ஈரத்துணியில் முளைத்த சோளத்தை எண்ணிக்கொண்டு, அவர் ஓய்வு பெறும்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். அடுத்த கிழங்கு சீசனில் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் மஞ்சள் ஈ மொய்த்தது. சமையலறைக்கு வலை அடித்தார்கள். இந்தத் தடவை யாரும் மனு கொடுக்கவில்லை.

சபாபதி சாரின் பிரிவு உபசார விழாவில் எல்லோரும் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். மாலையோடு மாடிப்படி இறங்கிவந்தபோது அருகில் போய்க் கேட்டேன்.

"சார், அந்த ரெண்டாவது வரிய ஏன் சார் எழுதினீங்க?"

எந்த வரி என்று அவர் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் பொய் எழுதலையேம்மா" என்றார்.

"ஆமா சார். எழுதல."

அவர் காரில் ஏறிப் போனார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. நான் படப் பிரிவுக்குத் திரும்பி, அவருடைய நாற்காலிக்கு அடுத்த நாற்காலிவரை உயர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். என்னிடம் வந்த படங்களுக்கு, இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாதபோதும், இது எங்கிருந்து வந்திருக்கும், எங்கிருந்து வந்திருக்காது என்று தெரிந்த அளவுக்கு எழுதி அனுப்பினேன். அதற்காக ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அன்றைக்கும் அப்படி ஒரு வரி எழுதியிருக்க முடியும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

போன வருடம் நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்த ஊரில் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. கொட்டாய் இருந்த இடத்தில் கொட்டாய் இல்லை. தரை முழுதும் சிமெண்ட் பூசி, அதன் மேல் திப்பி பரப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துச் சுவர் பக்கத்திலேயே நின்றது. முகத்தில் துணி கட்டிய பெண்கள் காலால் திப்பியைக் கிளறிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். அதில் ஒருத்தி நின்று என்னைப் பார்த்தாள். துணியை இறக்கினாள்.

"மேடம், நல்லா இருக்கறீங்களா?"

பாவாயி. தலை நரைத்திருந்தது. வேலி ஓரமாக வந்து நின்றாள்.

"இங்கயா வேலை?"

"ஆமாங்க. எடத்தையும் பேக்டரிக்காரங்களே வாங்கிக்கிட்டாங்க. எங்கூட்டுக்காரருக்கு லாரியில இடுப்பு போயிருச்சுங்க, முன்ன மாதிரி வடக்க போக முடியறதில்ல. எனக்கும் பழக்கப்பட்ட எடந்தானுங்களே."

ஈ இன்னும் வருகிறதா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவள் முகத்தைச் சுற்றியே பறந்துகொண்டிருந்தன.

"மஞ்சக் கொசுங்களா? அது பாட்டுக்கு இருக்குதுங்க. ஆருங்க இப்ப அதப் பேசறாங்க?"

"அன்னிக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க, பாவம்." பிறகு, என்னைச் சங்கடப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லாமல், ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னாள். "நீங்க அன்னிக்கு வந்து எனக்காகப் பேசுனீங்க இல்லீங்க? அதுக்கு ஊருக்குள்ள, பாவாயி காசு குடுத்துத்தான் அந்த மேடத்தக் கூட்டியாந்தான்னு பேசிக்கிட்டாங்க. கொட்டாய் போனதுகூடப் பெருசில்லீங்க. ரெண்டு வருசம் எவளும் எங்கூட்டு வாசப்படி மிதிக்கலீங்க."

அப்படி ஒரு பேச்சு இருந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

"நீ என்ன சொன்னே அதுக்கு?"

"சொன்னனுங்க. ஒரு டீத்தண்ணிகூட எங்கூட்டுல குடிக்காம போனாங்கன்னு சொன்னனுங்க. ஆரு நம்புனாங்க? ஆபீசே நம்பலீங்களே உங்கள."

களத்திலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். "வாரனுங்க" என்று அவள் திரும்பிக் கத்திவிட்டு, துணியை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டினாள். கண் மட்டும் வெளியே தெரிந்தது. இமையில் உட்கார்ந்த ஒரு ஈயை, ஓட்டக்கூட இல்லை, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்துகொண்டாள். வரிசையில் போய்ச் சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள்.